மூன்றாவது கம்ப்ரசரில்தான் கோடு சீராக வந்தது

காற்றால் பெயின்ட்டைத் தூவும் பேனா போன்ற கருவியான ஏர் பிரஷை வாங்கும்போது என் யோசனை முழுக்கப் பிரஷின் மேல்தான் இருந்தது. பெயின்ட் வெளிவரும் துளையான நாசில் 0.2 மில்லிமீட்டரா 0.3-ஆ, பெயின்ட் கிண்ணம் மேலே இருக்க வேண்டுமா பக்கவாட்டிலா என்று நாள்கணக்கில் படித்தேன். அதற்குக் காற்றை அமுக்கித் தரும் கம்ப்ரசரைப் பற்றி ஒரு மணி நேரம்கூடப் படிக்கவில்லை. காற்றுதானே, எங்கிருந்து வந்தால் என்ன என்று இருந்துவிட்டேன். நான் பிளாஸ்டிக் மாடல் விமானங்கள் செய்பவன். அசலில் 1/72, 1/48 பங்கு அளவுகளில். அந்த அளவில் ஒரு இறக்கையின் மேல் விழும் பெயின்ட்டில் காற்றின் குறை அப்படியே தெரியும். அதைக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று கம்ப்ரசர்கள் ஆயின.

முதலில் எடுத்தது காருக்காக வீட்டில் வைத்திருந்த டயர் பம்ப். அதன் மேல் 150 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு) என்று பெரிதாக எழுதியிருந்தது. ஏர் பிரஷுக்கு 20 பிஎஸ்ஐ போதும் என்று தெரியும். ஏழு மடங்கு கைவசம் இருக்கிறதே என்ற தைரியம். ஹோஸைப் பொருத்தி, வெள்ளைத் தாளில் கறுப்புப் பெயின்ட்டால் ஒரு மெல்லிய கோடு இழுத்துப் பார்த்தேன். தள்ளி நின்று பார்த்தால் கோடு. கண்ணருகே கொண்டுபோனால் மணி கோத்த சரம் மாதிரி இருந்தது: ஒரு தடித்த புள்ளி, மெல்லிய இடைவெளி, மறுபடி தடித்த புள்ளி. கை நடுங்குகிறதோ என்று முழங்கையை மேசையில் ஊன்றி இழுத்தேன். அதே சரம். கையை வேகமாக நகர்த்தினால் மணிகள் தள்ளித் தள்ளி விழுந்தன, மெதுவாக நகர்த்தினால் நெருங்கி விழுந்தன. அப்போதுதான் கையின் மேல் தப்பில்லை என்று புரிந்தது. பம்புக்குள் இருக்கும் ஒற்றைப் பிஸ்டன் மேலே வரும்போது ஒரு தள்ளு, கீழே இறங்கும்போது ஒரு தொய்வு. அந்தத் துடிப்பு ஹோஸ் வழியாக வந்து தாளில் பதிந்துகொண்டிருந்தது.

பத்து நிமிடத்தில் பம்ப் கை வைக்க முடியாத அளவு சூடாகிவிட்டது. அது அதன் குறை இல்லை. டயர் என்பது மூடிய பை. கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றைத் திணித்தாலும் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஏர் பிரஷ் திறந்த வாய். டிரிகரை அழுத்தியிருக்கும் வரை காற்று வெளியே போய்க்கொண்டே இருக்கும். போகிற வேகத்துக்கு ஈடுகொடுத்துக் காற்று வந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஆகவே கம்ப்ரசர் பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் அதிகபட்ச அழுத்தத்தை நான் இப்போதெல்லாம் கடைசியாகத்தான் பார்க்கிறேன். நன்றாக நீர்த்த அக்ரிலிக்கை 15 முதல் 20 பிஎஸ்ஐயில் அடிக்கலாம். பாலைப் போல் மெல்லியதாகக் கலக்கி, மாடலுக்கு மிக அருகில் வைத்து நுணுக்க வேலை செய்யும்போது 10 முதல் 12 வரைகூட இறங்குவேன். பெயின்ட் பிடிப்பதற்காக முதலில் பூசும் ப்ரைமர், வார்னிஷ் போன்ற கெட்டியானவற்றுக்கு 25, அதிகம் போனால் 30. ஒரு பார் என்பது 14.5 பிஎஸ்ஐ, அதாவது நம் வேலை முழுவதும் ஏறக்குறைய 2 பாருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. பார்க்க வேண்டிய எண், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று என்பது. சில பெட்டிகளில் சிஎஃப்எம் (நிமிடத்துக்கு எத்தனை கன அடி) என்று இருக்கும். ஒரு சிஎஃப்எம் சுமார் 28 லிட்டர்.

இரண்டாவதாக வாங்கியது ஏர் பிரஷுக்கென்றே விற்கிற சின்னக் கம்ப்ரசர். ஆயில் தேவையில்லாத பிஸ்டன் வகை, டேங்க் கிடையாது, உடம்பிலேயே அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு ரெகுலேட்டரும் தண்ணீர் பிடிக்கும் கிண்ணமும் இருந்தன. டயர் பம்போடு ஒப்பிட்டால் நன்றாகவே அடித்தது. துடிப்பு இருந்தது, ஆனால் நீளமான ரப்பர் ஹோஸ் அதைக் கொஞ்சம் விழுங்கிக்கொண்டது. சில மாதங்கள் நிம்மதியாகப் போயின.

அப்புறம் ஒரு ஈரமான நாள். உலோக நிறம் அடிப்பதற்காக ஒரு விமானத்தின் இறக்கையைப் பளபளக்கும் கறுப்பில் தயார் செய்துகொண்டிருந்தேன். உலோகப் பெயின்ட் மினுங்க வேண்டுமானால் அடியில் இருக்கும் கறுப்பு கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும்; மூன்று மெல்லிய பூச்சு முடித்து, கடைசிப் பூச்சில் இருந்தேன். அரை மணி நேரமாகக் கம்ப்ரசர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று பிரஷ் ஒரு முறை துப்பியது. சத்தம்கூட இல்லை, காற்றில் ஒரு சின்னத் தடுக்கல்தான். இறக்கையின் நடுவில் மிளகு அளவுக்கு ஒரு தண்ணீர்த் துளி விழுந்து, சுற்றியிருந்த கறுப்பை விலக்கிக்கொண்டு உட்கார்ந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைச் சுற்றி ஒரு விளிம்பு எழும்பியது. காய்ந்தபின் அது சின்னக் குழி, அதைச் சுற்றி ஒரு வளையம். மணல் தாள் போட்டுத் தேய்த்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

கிண்ணம் இருந்தும் தண்ணீர் எப்படி வந்தது என்பது நெடுநாள் உறுத்தியது. விடை மிக எளிமையானது. அறைக் காற்றில் எப்போதும் நீராவி இருக்கிறது. காற்றை அமுக்கினால் அந்த நீராவியும் சின்ன இடத்துக்குள் நெருங்குகிறது. ஆனால் அமுக்கும்போது காற்று சூடாவதால், சூடாக இருக்கும் வரை நீராவி ஆவியாகவே இருக்கும். கம்ப்ரசரின் உடம்பிலேயே ஒட்டியிருக்கும் கிண்ணத்துக்கு வருவது அந்தச் சூடான காற்று. அங்கே தண்ணீர் இன்னும் தண்ணீராகவில்லை, கிண்ணம் எதைப் பிடிக்கும்? ஹோஸுக்குள் போய் ஆறிய பிறகுதான் துளியாகிறது. அதாவது கிண்ணத்தைத் தாண்டிய பிறகு.

டேங்க் இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. டேங்கில் 4 பார் அழுத்தம் இருக்கிறது என்றால், வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து உள்ளே மொத்தம் 5 பார். காற்று ஐந்தில் ஒரு பங்கு இடத்துக்குள் சுருங்கிவிட்டது. அறையில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டினாலே போதும், அது ஆறியவுடன் மிச்ச ஈரம் தண்ணீராக டேங்கின் அடியில் தங்கிவிடும். பிறகு ரெகுலேட்டர் வழியாக அழுத்தம் குறையும்போது காற்று விரிகிறது; டேங்கில் ஈரம் நிறைந்திருந்த அதே காற்று, ஹோஸுக்குள் 1.4 பாருக்கு இறங்கும்போது ஏறக்குறைய பாதி ஈரப்பதத்துக்கு வந்துவிடும். ஹோஸில் துளி கட்ட வழியில்லை. துடிப்பைத் தணிப்பதற்காக மட்டும்தான் டேங்க் என்று நினைத்திருந்தேன். காற்றை உலர்த்துவதும் அதுதான். டேங்க் இல்லாத கம்ப்ரசர் ஏற்கெனவே இருந்தால் தூக்கிப் போட வேண்டாம்; நீளமான ஹோஸ் போட்டு, பிரஷின் கைப்பிடிக்குக் கீழே திருகிக்கொள்ளும் குட்டி வடிகட்டி ஒன்று சேர்த்தால் பெரும்பாலான துளிகளை அது பிடித்துவிடும். அங்கே வரும்போது காற்று ஆறியிருக்கும் அல்லவா.

மூன்றாவதாக வாங்கியது 3 லிட்டர் டேங்க் வைத்த ஒற்றைப் பிஸ்டன் கம்ப்ரசர். டேங்கில் 4 பார் நிரம்பியதும் மோட்டார் தானே நிற்கும், 3 பாருக்கு இறங்கியதும் தானே ஓடும். பொழுதுபோக்குக்கு மாடல் செய்யும் பலரின் மேசைக்கு அடியில் இருப்பது இந்த வகைதான். முதல் நாளே பழைய தாளை எடுத்து அதே கறுப்பில் கோடு இழுத்தேன். தலைமுடி அளவுக்கு மெல்லிய கோடு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே அடர்த்தி. முதல் கம்ப்ரசரில் இழுத்த மணிச்சரத் தாளையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாங்கியபின் இரண்டு சோதனை செய்தேன். பழைய கம்ப்ரசர் வாங்கப் போகிறவர்களுக்கும் இது உதவும். முதல் சோதனை: டேங்கை முழுக்கக் காலி செய்து, ரெகுலேட்டரை மூடி, ஓடவிட்டு, 4 பார் வரும்வரை நேரம் பார்ப்பது. 3 லிட்டர் டேங்கில் 4 பார் ஏற 12 லிட்டர் அறைக்காற்றை உறிஞ்ச வேண்டும். எனக்கு 55 விநாடி ஆனது. கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 13 லிட்டர். பெட்டியில் போட்டிருந்தது 23 லிட்டர். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. பிஸ்டன் ஒரு நிமிடத்தில் நகர்த்தும் மொத்தக் கொள்ளளவைத்தான் பெட்டியில் போடுகிறார்கள். எதிர் அழுத்தம் ஏற ஏற உண்மையில் வெளியே வரும் காற்று குறைந்துகொண்டே போகும். வாங்கும்போது பெட்டி எண்ணில் பாதியைத்தான் நம்ப வேண்டும். இரண்டாவது சோதனை: டேங்க் நிரம்பியதும் மின்சாரத்தை அணைத்துவிட்டு, வழக்கமான அழுத்தத்தில் டிரிகரை முழுக்க அழுத்திப் பிடித்து, 4 பார் 3 ஆக இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது. ஒரு பார் இறங்கினால் 3 லிட்டர் செலவு. என் 0.3 நாசில் பிரஷில் 17 விநாடி ஆனது, அதாவது நிமிடத்துக்குப் பத்தரை லிட்டர். கொடுப்பது 13, எடுப்பது பத்தரை. போதும், ஆனால் தாராளம் என்று சொல்ல முடியாது. 0.5 நாசில் போட்டு அகலமாக அடிப்பவர்களுக்கு இரட்டைப் பிஸ்டன் வேண்டியிருக்கும்.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் தெரிந்தது. 3 லிட்டர் டேங்க் காற்றைச் சேமித்து வைக்கும் தொட்டியே இல்லை. 17 விநாடிக்குத்தான் தாங்குகிறது. நண்பர் ஒருவர் தன் பட்டறையில் 24 லிட்டர் டேங்க், 8 பார் கம்ப்ரசர் வைத்திருக்கிறார். அதில் 8 பாரிலிருந்து 2 பாருக்கு இறங்க 144 லிட்டர் காற்று வெளியேற வேண்டும். என் பிரஷுக்கு அது பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் வரும். ஒரு முறை நிரப்பி மோட்டாரை அணைத்துவிட்டு அமைதியாக அடிக்கலாம். ஆனால் அந்த மோட்டார் ஓடும்போது பக்கத்தில் நின்று பேச முடியாது. அதன் ரெகுலேட்டர் மீட்டரும் ஆணி அடிக்கும் கருவிகளுக்கானது. 1 பாருக்கும் 1.4 பாருக்கும் இடையில் முள் நகர்வதே கண்ணுக்குத் தெரியவில்லை. நுணுக்கமான மீட்டர் வைத்த இன்னொரு சின்ன ரெகுலேட்டரைப் பிரஷுக்கு முன்னால் சேர்த்தபின்தான் அது வசப்பட்டது. வீட்டிலிருந்து தள்ளித் தனி இடம் இருப்பவர்களுக்கு, மற்ற வேலைகளுக்கும் கம்ப்ரசர் வேண்டும் என்பவர்களுக்கு, இது நல்ல வழி.

சத்தத்தை நான் காற்றின் அளவுக்குச் சமமாக வைக்கிறேன். எனக்குப் பெயின்ட் அடிக்க நேரம் கிடைப்பது இரவு பத்து மணிக்கு மேல், பக்கத்து அறையில் மகள் தூங்கிய பிறகு. கம்ப்ரசர் ஓடினால் அவள் விழித்துக்கொள்வாள் என்றால், எவ்வளவு நல்ல கம்ப்ரசராக இருந்தும் என்ன பயன்? ஓட்டவே முடியாதே. டெசிபல் எண்ணைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். 50-க்கும் 60-க்கும் இடையில் இருப்பது சின்ன வித்தியாசம் இல்லை. அப்புறம், எந்தப் பெட்டியும் சொல்லாத ஒன்று அதிர்வு. மரத்தரையில் வைத்த கம்ப்ரசர் தரையையே மேளமாக்கிவிடும். அடியில் ஒரு பழைய யோகா விரிப்பை நான்காக மடித்துப் போட்டேன். அறைக்குள் சத்தம் கொஞ்சம்தான் குறைந்தது, பக்கத்து அறையில் பாதிக்கு மேல் போய்விட்டது. அலமாரிக்குள் பூட்டிவைக்க மட்டும் நினைக்காதீர்கள். ஆயில் இல்லாத பிஸ்டன் கம்ப்ரசர் சுற்றியிருக்கும் காற்றால்தான் ஆறுகிறது.

உண்மையான அமைதி வேண்டும் என்பவர்களுக்கு ஃப்ரிட்ஜ் மோட்டார் வகை இருக்கிறது. சுமார் 40 டெசிபல். ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம்தான். ஆனால் எடை அதிகம், உள்ளே ஆயில் இருக்கிறது, அளவு பார்க்க வேண்டும், மாற்ற வேண்டும், சாய்த்துத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது. கொஞ்சம் ஆயில் காற்றோடு வரும் என்பதால் அதைப் பிடிக்கும் வடிகட்டியும் வேண்டும். ஒரு துளி ஆயில் பெயின்ட்டுக்கு அடியில் போனாலும் பெயின்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் மீன்கண் மாதிரி விலகி நிற்கும். நீண்ட நேரம் தொடர்ந்தும் ஓட்ட முடியாது. ஃப்ரிட்ஜில் இருக்கும்போது திரும்பி வரும் குளிர்ந்த வாயுவே அந்த மோட்டாரை ஆற்றுகிறது. அறைக்காற்றை உறிஞ்சும்போது அந்தக் குளிர்ச்சி கிடைப்பதில்லை. பழைய ஃப்ரிட்ஜைப் பிரித்து நாமே செய்துகொள்ளலாம் என்று சிலர் கேட்கிறார்கள். செய்யாதீர்கள் என்றே சொல்வேன். உள்ளிருக்கும் வாயுவை அதற்குப் பயிற்சி பெற்றவர்தான் எடுக்க வேண்டும். அழுத்தத்துக்கென்று சோதிக்கப்படாத உருளையை டேங்காக வைப்பது வெடிகுண்டை மேசைக்கடியில் வைப்பதற்குச் சமம். கடையில் வாங்கிய டேங்கிலும் பாதுகாப்பு வால்வு இருக்கிறதா, அதன் வளையத்தை இழுத்தால் காற்று சீறுகிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

பிரஷின் அடியிலேயே ஒட்டிக்கொள்ளும் பேட்டரிக் கம்ப்ரசரையும் ஒரு நண்பரிடம் வாங்கி அடித்துப் பார்த்தேன். ப்ரைமர் பூச, சின்னப் பொம்மைகளுக்கு அடிப்பூச்சு கொடுக்கச் சரி. நுணுக்க வேலைக்கு எனக்குச் சரிப்படவில்லை. மோட்டாரின் அதிர்வு விரலுக்கே வருகிறது, அழுத்தத்தை நினைத்த இடத்தில் நிறுத்த முடியவில்லை.

டேங்க் வந்த பிறகும் ஒரு தப்பைச் சில வாரம் செய்துகொண்டிருந்தேன். மீட்டரில் 20 பிஎஸ்ஐ வைத்துவிட்டு அடிக்க ஆரம்பிப்பேன், பெயின்ட் சொரசொரப்பாக விழும். தின்னரைக் கூட்டினேன், குறைத்தேன், பெயின்ட்டை மாற்றினேன். ஒருநாள் தற்செயலாக டிரிகரை அழுத்தியபடியே மீட்டரைப் பார்த்தேன். முள் 14-இல் நின்றது. விரலை எடுத்தால் 20. காற்று ஓடாதபோது இருக்கும் அழுத்தம் வேறு, ஓடும்போது இருப்பது வேறு. அன்றிலிருந்து டிரிகரை முழுக்க அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் ரெகுலேட்டரைத் திருகுகிறேன். மற்றவர்கள் சொல்லும் பிஎஸ்ஐ எண் உங்களிடம் வேலை செய்யவில்லை என்றால், முதலில் இதைப் பாருங்கள்.

இணைப்புகளைப் பற்றிச் சுருக்கமாக. ஏர் பிரஷ் ஹோஸ்களில் அதிகம் காணப்படுவது 1/8 அங்குல பிஎஸ்பி என்ற வகை மரை (திருகு வரி). இவாட்டா பிரஷ்களில் அதுதான். பேட்ஜர், பாஷே நிறுவனங்கள் இரண்டும் தங்களுக்கென்று தனி மரை வைத்திருக்கின்றன, இடையில் ஒரு அடாப்டர் வேண்டும். ரப்பர் வாஷர் இல்லாத மரைகளில் டெஃப்லான் டேப்பை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி முறுக்குங்கள். யாரும் பிரஷைத் தொடாமலே மோட்டார் அவ்வப்போது தானாக ஓடினால் எங்கோ கசிகிறது என்று பொருள். சோப்புத் தண்ணீரைச் சாதாரணத் தூரிகையால் தொட்டுத் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். எனக்கு அது ரெகுலேட்டரின் அடியில், கண்ணுக்கே தெரியாத இடத்தில் இருந்தது. நல்ல வடிகட்டி வைத்த முகமூடியும் இந்தச் செலவுக் கணக்கிலேயே சேர வேண்டும், அக்ரிலிக்காக இருந்தாலும் சரி. மெல்லிய பெயின்ட் தூசி நுரையீரலுக்குப் போகக்கூடாது.

இரவு வேலை முடிந்ததும் பிரஷைக் கழுவி வைத்துவிட்டு, டேங்கில் கொஞ்சம் காற்றை மட்டும் மிச்சம் வைத்து, அடியில் இருக்கும் திருகைத் தளர்த்துவேன். ஒரு சின்னச் சீறலோடு கீழே வைத்த மூடியில் தண்ணீர் விழும். ஈரமான நாளில் ஒரு மணி நேரம் அடித்திருந்தால் ஒரு தேக்கரண்டி அளவு இருக்கும். முதல் சில வாரம் இதைச் செய்யாமல் விட்டிருந்தேன். முதன்முறை திறந்தபோது வந்த தண்ணீர் துருப்பிடித்துச் செங்கல் நிறத்தில் இருந்தது. இப்போது தெளிவாக வருகிறது. மூடியைத் துடைத்து வைத்து, உள்ளே மிச்சம் இருக்கும் ஈரம் காயட்டும் என்று திருகைத் திறந்தபடியே விட்டுவிட்டு விளக்கை அணைக்கிறேன்.